கணக்கில் வராத மாத்திரைகள்

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல், ஏதாவது ஒரு சிற்றூரில் மெடிக்கல் ஷாப் எதிரே அரை மணி நேரம் நின்று பாருங்கள். நடவு முடிந்து வரும் பெண் ஒருவர், காலில் சேறு காயாமலே படியேறுவார். "தம்பி, உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு. ஒரு செட் குடுப்பா." கடைக்காரர் எதுவும் கேட்கமாட்டார். நான்கு டப்பாக்களிலிருந்து நான்கு அட்டைகளை எடுப்பார். கத்தரிக்கோலால் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு மாத்திரையை வெட்டி, சின்னக் காகிதக் கவரில் போட்டு, "சாப்பிட்டுட்டுப் போடுங்கம்மா" என்று நீட்டுவார். மருந்தின் பெயர் அச்சான பகுதி பெரும்பாலும் அட்டையோடு கடையிலேயே தங்கிவிடும். மாத்திரை மட்டும் வீட்டுக்குப் போகும்.

அந்தக் கவரில் ஒரு வலி மாத்திரை, ஒரு பாரசிட்டமால், ஒரு கேஸ் மாத்திரை இருக்கலாம். சில சமயம் ஸ்டீராய்டும் இருக்கலாம். காலையில் வலி தீர்ந்திருக்கும், வேலைக்குப் போய்விடுவார். அடுத்த வாரம் இன்னொரு செட். இப்படிப் பல வருடங்கள் போனபின், கால் வீக்கத்தோடு ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருக்கும்போது, "என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்று டாக்டர் கேட்பார். "பிரஷர் மாத்திரை மட்டும்தான் சார்" என்பார் அவர். அவர் பொய் சொல்லவில்லை. செட் மாத்திரையை அவர் மருந்துக் கணக்கில் சேர்த்ததே இல்லை. நாட்டுமருந்துக் கடைப் பொடி, இரும்புச் சத்து டானிக், உடம்பு இளைக்கும் கேப்ஸ்யூல், முகம் வெளுக்கும் கிரீம் எதுவும் அந்தக் கணக்கில் வருவதில்லை.

சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடிய மருந்துகள் எவை என்று கேட்டால் நீண்ட பட்டியலே உண்டு. மருத்துவ வரலாற்றில் பெருங்கேடு விளைந்த இடங்களை அடுக்கிப் பார்த்தால் ஒரு ஒற்றுமை தெரிகிறது. பெயர், அளவு, நாள் கணக்கு, உள்ளே என்ன இருக்கிறது என்ற நான்கில் ஏதோ ஒன்று தெரியாமல் விழுங்கியவர்களே பெரும்பாலும் பாதிக்கப்பட்டிருக்கிறார்கள். அந்த நான்கையும் கணக்கில் கொண்டுவருவதே இந்தக் கட்டுரையின் வேலை.

வரத்து வாய்க்காலும் போக்கு வாய்க்காலும்

இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஏறத்தாழ 300 கிராம் எடைதான். ஆனாலும் இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு அவற்றுக்கே போகிறது. ஒவ்வொன்றிலும், நுண்சல்லடையும் நுண்குழாயும் சேர்ந்த நெஃப்ரான்கள் சராசரியாக 10 லட்சம் உள்ளன. அவை நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டுகின்றன. வடிகட்டியதில் ஏறக்குறைய எல்லாவற்றையும் திரும்ப உறிஞ்சிக்கொண்டு, ஒன்றரை இரண்டு லிட்டரை மட்டும் சிறுநீராக விடுகின்றன. நாம் விழுங்கும் மருந்து ரத்தத்தில் கலந்ததும் பெருமளவில் இங்கேதான் வந்து சேர்கிறது. நீர் உறிஞ்சப்பட உறிஞ்சப்பட, மிச்சமிருக்கும் நீரில் மருந்தின் அடர்த்தி ஏறிக்கொண்டே போகும். குழம்பு சுண்டினால் உப்புக் கரிப்பதுபோலத்தான் இதுவும். உடம்பின் வேறு உறுப்பு தாங்கும் அளவை இங்கே இருக்கும் நுண்குழாய்ச் செல்கள் தாங்காமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மருந்துகள் நான்கு வழிகளில் சிறுநீரகத்தைக் கெடுக்கின்றன. சில, சல்லடைக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கின்றன. சில, நுண்குழாய்ச் செல்களை நேரடியாக நஞ்சூட்டிக் கொல்கின்றன. சில, ஒவ்வாமைபோல அழற்சியை மூட்டுகின்றன. சில, படிகமாக உறைந்து குழாயை அடைக்கின்றன. சல்லடையின் சவ்வையே தாக்கிப் புரதத்தைக் கசியவிடும் நஞ்சுகளும் உண்டு, பாதரசம் அப்படிப்பட்டது.

முதல் வழியைப் புரிந்துகொள்ள ஒரு வயலை நினைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு நுண்சல்லடைக்கும் ஒரு வரத்து வாய்க்கால், ஒரு போக்கு வாய்க்கால் உண்டு. வயலில் தண்ணீர் நிற்க வேண்டுமானால் வரத்து திறந்திருக்க வேண்டும், போக்கு கொஞ்சம் இறுகியிருக்க வேண்டும். உடம்பில் நீர் குறையும்போது, புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைச் சுரந்து சிறுநீரகம் வரத்து வாய்க்காலை அகலப்படுத்திக்கொள்கிறது. ஆஸ்பிரின் போன்ற மருந்துகள் இந்தப் புரோஸ்டாகிளாண்டின் சுரப்பைத் தடுத்தே வலியைக் குறைக்கின்றன என்று 1971-இல் காட்டியவர் ஜான் வேன். அதற்காக 1982-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மூட்டு வலியைத் தணிக்கும் அதே செயல், வெயிலில் வியர்த்துக் காய்ந்த உடம்பில் சிறுநீரகத்தின் வரத்து மடையையும் அடைத்துவிடுகிறது.

வலி மாத்திரை: ஒரு நூற்றாண்டுப் பாடம்

ஸ்வீடனின் ஹுஸ்க்வார்னா என்ற ஊரில் பெரிய ஆயுதத் தொழிற்சாலை ஒன்று இருந்தது. 1918-இன் கொள்ளைக் காய்ச்சலின்போது, ஊர் மருத்துவரான யோர்ட்டன் ஒரு பொடியைக் கொடுத்தார். அதில் ஃபினாசிட்டின், ஃபினசோன், காஃபீன் மூன்றும் இருந்தன. காய்ச்சல் போனபின்னும் பொடி போகவில்லை. அதைச் சாப்பிட்டால் தெம்பாக வேலை செய்யலாம் என்று தொழிலாளிகள் தினமும் சாப்பிட்டார்கள். அழகாகப் பொதிந்து பிறந்தநாள் பரிசாகக் கொடுக்கும் அளவுக்கு அது ஊரின் வழக்கமானது. சில பத்தாண்டுகளில் அந்த ஊரில் சிறுநீரகம் செயலிழந்து இறப்போர் கூடினார்கள். 1953-இல் சுவிட்சர்லாந்து மருத்துவர்கள் ஸ்பூலரும் சோலிங்கரும் வலி மருந்துக்கும் சிறுநீரக நோய்க்கும் உள்ள தொடர்பை எழுதினார்கள். ஹுஸ்க்வார்னா தொழிலாளிகளைப் பற்றிய ஆய்வை 1963-இல் கிரிம்லுண்ட் வெளியிட்டார். ஆஸ்திரேலியாவிலும் இதே கதை. அங்கே வீட்டுப் பெண்கள் தலைவலிப் பொடிக்குப் பழகியிருந்தார்கள். மெல்போர்னில் பிரிசில்லா கின்கெய்ட் ஸ்மித் என்ற சிறுநீரக மருத்துவர் பல ஆண்டுகள் போராடி, இத்தகைய கூட்டு மருந்துகளின் தாராள விற்பனையை 1979-இல் கட்டுப்படுத்த வைத்தார். அதன்பின் அந்த நோயே அரிதானது. அமெரிக்கா 1983-இல் ஃபினாசிட்டினை விலக்கியது. நம் ஊரில் மூத்தவர்கள் நினைவில் இருக்கும் ஏ.பி.சி. மாத்திரையின் நடு எழுத்து இந்த ஃபினாசிட்டின்தான். அது இந்தியாவிலும் தடைசெய்யப்பட்டது.

ஃபினாசிட்டின் போய்விட்டது, பழக்கம் அப்படியே இருக்கிறது. டைக்ளோஃபினாக், அசெக்ளோஃபினாக், இபுபுரோஃபென், நாப்ராக்சென், மெஃபினாமிக் அமிலம், பைராக்சிகாம் என்று இன்றைய வலி மாத்திரைகளின் பெயர்கள் பல. எட்டோரிகாக்சிப் போன்ற புதியவையும் இதே இனம்தான். பல் பிடுங்கிய வலிக்கு, ஆரோக்கியமான இளைஞர் ஒருவர் மூன்று நாள் சாப்பிட்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. வயது 60-ஐத் தாண்டியவர், சர்க்கரை உள்ளவர், இதயம் தளர்ந்தவர், கல்லீரல் கெட்டவர், ஏற்கெனவே சிறுநீரகம் பாதி குறைந்தவர், வாந்தி பேதியில் நீர் வற்றியவர் ஆகியோருக்கு அதே மூன்று நாள் ஆபத்தாகலாம்.

மூன்று மருந்துகள் ஒன்று சேரும் இடம் இன்னும் மோசம். ராமிபிரில், டெல்மிசார்ட்டன், லோசார்ட்டன் போன்ற பிரஷர் மாத்திரைகள் போக்கு வாய்க்காலைத் தளர்த்துகின்றன. நீர் மாத்திரை உடம்பின் நீரைக் குறைக்கிறது. இவற்றோடு வலி மாத்திரை சேர்ந்தால் வரத்தும் அடைபடுகிறது. வயலில் தண்ணீர் எப்படி நிற்கும்? பிரிட்டனில் ஏறத்தாழ 4,87,000 ரத்த அழுத்த நோயாளிகளின் பதிவுகளைக் கொண்டு 2013-இல் வெளியான ஆய்வு, இந்த மூன்றும் சேரும்போது திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பின் வாய்ப்பு 31 விழுக்காடு கூடுவதைக் காட்டியது. முதல் 30 நாட்களில் அது 82 விழுக்காடு. பிரஷருக்கு அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்கிக்கொண்டு, முழங்கால் வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் செட் வாங்கும் நம் வீட்டுப் பெரியவர்கள் எத்தனை பேர் இந்த மூன்றையும் ஒரே கையில் வைத்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

வலி மருந்து சிறுநீரகத்தை என்ன செய்யும் என்பதற்கு வானத்திலும் ஒரு சாட்சி உண்டு. தெற்காசியாவின் பாறு கழுகுகள் 1990-களில் கொத்துக் கொத்தாகச் செத்தன. அவற்றின் உள்ளுறுப்புகளில் வெள்ளையாக யூரிக் அமிலம் படிந்திருந்தது. மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக், செத்த மாட்டின் இறைச்சி வழியே பறவைக்குள் போய்ச் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்தது என்று 2004-இல் ஆய்வாளர்கள் உறுதிசெய்தார்கள். மூன்று இனங்கள் 97 விழுக்காட்டுக்கு மேல் அழிந்திருந்தன. 2006-இல் இந்தியா இம்மருந்தைக் கால்நடைக்குத் தடைசெய்தது. மனிதருக்கான பெரிய ஊசிக் குப்பிகள் மாட்டுக்குப் போகாதிருக்க, 2015-இல் குப்பியின் அளவு 3 மி.லி. ஆகக் குறைக்கப்பட்டது. அதை எதிர்த்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2017-இல் தள்ளுபடி செய்தது. தமிழ்நாட்டில் எஞ்சிய பாறுகள் நீலகிரியின் மாயாற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டி வாழ்கின்றன. பறவையின் உடல் வேறு, மனித உடல் வேறு. ஒரே அளவு இரண்டையும் ஒரேபோல் கொல்லாது. ஆனாலும் ஒரு மருந்து யாருக்கு என்ன செய்யும் என்று தெரியாமல் பரவவிட்டால் விளைவு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் வேண்டியதில்லை.

ஆஸ்பத்திரி மருந்துகளும் கேஸ் மாத்திரையும்

ஜென்டாமைசின், அமிக்காசின் போன்ற ஊசிகள் நுண்குழாய்ச் செல்களுக்குள் சேர்ந்து அவற்றைக் கொல்லக்கூடியவை. வேன்கோமைசின், கோலிஸ்டின், பூஞ்சைக்கான ஆம்ஃபோடெரிசின் பி, புற்றுநோய்க்கான சிஸ்பிளாட்டின், எச்.ஐ.வி.க்கான டெனோஃபோவிர், மனநோய்க்கான லித்தியம், மாற்றுச் சிறுநீரகத்தைக் காக்கவே கொடுக்கும் டாக்ரோலிமஸ் ஆகியவையும் இந்த வரிசையில் வரும். இவை உயிர் காக்கும் மருந்துகள். இவற்றைத் தரும் மருத்துவர் அளவைக் கணக்கிட்டு, ரத்தப் பரிசோதனை செய்து கவனிக்கிறார். ஆபத்து தெரிந்தே, கணக்கோடு கொடுக்கப்படுவதால் இவற்றைக் கண்டு ஓட வேண்டியதில்லை. சி.டி. ஸ்கேனுக்கும் ஆஞ்சியோவுக்கும் செலுத்தும் சாய மருந்தும் அப்படித்தான். சிறுநீரகம் ஏற்கெனவே குறைந்திருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், அவ்வளவே.

கேஸ் மாத்திரை நாம் சற்றும் அஞ்சாத ஒன்று. ஒமெப்ரசோல், பான்டோப்ரசோல் வகையை வெறும் வயிற்றில் வருடக்கணக்காகச் சாப்பிடுபவர்கள் ஏராளம். இவை சிலருக்குச் சிறுநீரகத்தில் ஒவ்வாமை அழற்சியை உண்டாக்கும் என்பது உறுதியான செய்தி. 2016-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, நீண்ட நாள் இவற்றைச் சாப்பிடுவோருக்கு நாட்பட்ட சிறுநீரக நோய் கூடுதலாக வருவதைக் காட்டியது. மருந்துதான் காரணமா, அதைச் சாப்பிடுவோரின் பிற நோய்களா என்ற விவாதம் தொடர்கிறது. அல்சர் உள்ளவருக்கும் ஆஸ்பிரின் சாப்பிடும் இதய நோயாளிக்கும் இம்மாத்திரை தேவை. பரோட்டா சாப்பிட்ட ராத்திரிக்கெல்லாம் தேவையில்லை.

வீண் பழி சுமக்கும் மருந்துகள்

"சர்க்கரை மாத்திரை சாப்பிட்டுச் சாப்பிட்டுத்தான் கிட்னி போச்சு." இந்தச் சொல்லைக் கேட்காத தெரு இல்லை. இதனால் விளையும் தீங்கு பெரிது. மெட்ஃபார்மின் சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. சிறுநீரகம் வெகுவாகக் குறைந்தபின் அந்த மருந்து உடம்பில் தேங்கும் என்பதால்தான் அளவைக் குறைக்கிறார்கள் அல்லது நிறுத்துகிறார்கள். அதைப் பார்த்த சொந்தக்காரர்கள் காரணத்தையும் விளைவையும் மாற்றிப் புரிந்துகொள்கிறார்கள். கட்டுப்படாத சர்க்கரையும் ரத்த அழுத்தமும்தான் சிறுநீரகச் செயலிழப்பின் தலையாய காரணங்கள். பயந்து மாத்திரையை நிறுத்துபவர், மருந்திலிருந்து தப்பிப்பதாக எண்ணி நோயின் வாயில் போய் விழுகிறார்.

டெல்மிசார்ட்டன், ராமிபிரில் வகையும் இப்படியே. வலி மாத்திரையோடு சேரும்போது ஆபத்தாகும் இதே மருந்துகள்தான், முறையாகச் சாப்பிட்டால் சிறுநீரில் புரதம் கசிவதைக் குறைத்துச் சிறுநீரகத்தைப் பல ஆண்டுகள் காக்கின்றன. தொடங்கியதும், சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் சற்று ஏறுவது எதிர்பார்த்ததே. வாந்தி பேதி கடுமையாக இருக்கும் ஓரிரு நாட்களில் இதை நிறுத்தி வைக்க வேண்டுமா என்று மருத்துவரிடம் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளலாம். நாமாக நிறுத்தக் கூடாது. பாரசிட்டமாலும் அளவோடு சாப்பிட்டால் சிறுநீரக நோயாளிக்குப் பொதுவாகப் பாதுகாப்பான வலி மருந்துதான். அதன் அளவு மீறினால் கெடுவது முதலில் கல்லீரல்.

பச்சிலை என்றால் பத்தியம் வேண்டாமா?

பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில், உடல் இளைப்புக்கு மருந்து கொடுத்த ஒரு கிளினிக்குக்குப் பெண்கள் போய்வந்தார்கள். 1990-இல் அந்தக் கேப்ஸ்யூலில் சீன மூலிகை ஒன்று சேர்க்கப்பட்டது. சேர்க்க நினைத்த மூலிகைக்கும், தவறிச் சேர்ந்த அரிஸ்டோலோக்கியா என்ற செடிக்கும் சீன மொழியில் பெயர் ஏறக்குறைய ஒன்றுதான். பெயர்க் குழப்பத்தில் செடி மாறியது. நல்ல ஆரோக்கியத்தோடு இருந்த பெண்களின் சிறுநீரகங்கள் சில மாதங்களில் சுருங்கின. மருத்துவர் வான்ஹெர்வேகெம் 1993-இல் இதை உலகுக்குச் சொன்னார். 100-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். கேடு அத்தோடு நிற்கவில்லை. செயலிழந்த சிறுநீரகத்தை அகற்றிக்கொண்ட 39 பேரில் 18 பேருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய் இருந்ததாக 2000-இல் தெரியவந்தது. டான்யூப் நதியின் துணையாறுகளை ஒட்டிய பால்கன் கிராமங்களில் தலைமுறை தலைமுறையாக இருந்த மர்மச் சிறுநீரக நோய்க்கும் இதே செடிதான் காரணம் என்று பின்னர் புலப்பட்டது. கோதுமை வயலில் களையாக முளைத்த அதன் விதை மாவோடு அரைபட்டு ரொட்டிக்குள் போயிருந்தது. அந்தச் செடியின் அரிஸ்டோலோக்கிக் அமிலம் இன்று உலகப் புற்றுநோய் ஆய்வு முகமையின் முதல் தரப் புற்றுநோய்க் காரணிகள் பட்டியலில் இருக்கிறது.

இது நமக்குத் தூரத்துக் கதை அல்ல. நம் கரிசல் காட்டில் படர்ந்து கிடக்கும் ஆடுதின்னாப்பாளையும், வேலிகளில் ஏறும் ஈசுவரமூலி என்ற பெருமருந்துக் கொடியும் இதே அரிஸ்டோலோக்கியா குடும்பம்தான். பூச்சிக்கும் விஷக்கடிக்கும் என்று இவற்றைக் கொடுக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. ஆடு தின்னாத செடி என்று பெயரிலேயே எச்சரித்து வைத்த முன்னோரின் சொல்லை நாம் கேட்டாக வேண்டும். இவற்றைப் பொடியாகவோ கஷாயமாகவோ வாங்கிக் குடிக்க வேண்டாம் என்று ஐயமின்றிச் சொல்லலாம்.

அடுத்தது பாதரசம். சித்த மருத்துவத்தில் ரசம் என்ற பாதரசமும், பாதரசம் அடங்கிய லிங்கமும் சேரும் செந்தூரங்கள் உண்டு. அவற்றைச் சுத்தி செய்யும் முறை, அளவு, அனுபானம், பத்தியம், எத்தனை நாள் என்ற கணக்கு எல்லாம் அந்த மருத்துவத்திலேயே கறாராக வகுக்கப்பட்டவை. நச்சுப் பொருள் சேர்ந்த சித்த, ஆயுர்வேத மருந்துகளை மருத்துவக் கண்காணிப்பில் மட்டுமே சாப்பிட வேண்டும் என்று லேபிளில் எழுத வேண்டும் என்பதே சட்டம். லேபிளே இல்லாமல் பொட்டலம் கட்டிக் கொடுக்கும் பொடியில் அந்த எச்சரிக்கை எங்கே இருக்கும்? வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை மருத்துவர்கள் 2022-இல் வெளியிட்ட ஆய்வு, சல்லடைச் சவ்வு தடித்துப் புரதம் கசியும் ஒருவகை நோயாளிகளில் கணிசமானோர் இத்தகைய நாட்டு மருந்துகளைச் சாப்பிட்டவர்கள் என்று காட்டியது. அம்மருந்துகளில் பாதரசமும் இருந்தது. மருந்தை நிறுத்தியதும் அவர்களில் பலர் தேறினார்கள். இதில் ஆறுதல் தருவது கடைசிச் செய்திதான். நேரத்தில் காரணத்தைக் கண்டுபிடித்தால் சிறுநீரகம் மீள்கிறது.

பாதரசம் வாய் வழியாகத்தான் வரவேண்டும் என்பதில்லை. கேரளத்தில் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை மருத்துவர்கள் இதே சவ்வு நோயாளிகள் 22 பேரை ஆராய்ந்தார்கள். 15 பேருக்கு நெல் 1 என்ற புரதத்தோடு தொடர்புடைய வகை இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் முகம் வெளுக்கும் கிரீம் பூசியவர்கள். தோலில் தேய்த்த பாதரசம் சிறுநீரகத்தில் போய்ச் சேர்ந்திருக்கிறது. மாநிறத்தைக் குறையென்று நம்ப வைத்த ஒரு வியாபாரம் இளம் பெண்களின் சிறுநீரகத்தில் கைவைத்திருக்கிறது என்பது கோபப்பட வேண்டிய செய்தி. தயாரிப்பாளர் பெயரும் சேர்மானமும் இல்லாத கிரீமை யார் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

சத்து மாத்திரைகளின் மறுபக்கம்

வைட்டமின் சி நீரில் கரையும், மிஞ்சினால் சிறுநீரில் போய்விடும் என்று பலரும் நம்புகிறார்கள். மிஞ்சியதில் ஒரு பகுதி ஆக்சலேட்டாக மாறுகிறது. ஸ்வீடனில் 23,000-க்கும் மேற்பட்ட ஆண்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2013-இல் வெளியான ஆய்வில், வைட்டமின் சி மாத்திரை சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீரகக் கல் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்காக இருந்தது. ஒரு நாளுக்கு வேண்டிய அளவு ஒரு கொய்யாப்பழத்திலேயே கிடைத்துவிடும்.

வைட்டமின் டி-யில் வரும் தவறு வேறு வகை. வாரம் ஒன்று என்று எழுதிக் கொடுத்த 60,000 யூனிட் பொட்டலத்தைத் தினம் ஒன்றாகச் சாப்பிட்டுவிடுவதும், எட்டு வாரத்தில் நிறுத்த வேண்டியதை வருடக்கணக்கில் தொடர்வதும் நடக்கின்றன. ரத்தத்தில் கால்சியம் ஏறி, சிறுநீரகத்தில் சுண்ணாம்புபோலப் படிகிறது. வாந்தி, மலச்சிக்கல், தீராத தாகம், குழப்பம் ஆகியவை அதன் அறிகுறிகள். மருந்துச் சீட்டில் நாள் கணக்கைப் படிக்காததால் மட்டுமே வரும் நோய் இது.

ஜிம்முக்குப் போகும் பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோர் கவலைப்படுகிறார்கள். நல்ல சிறுநீரகம் உள்ளவர் அளவோடு சாப்பிடும் கிரியாட்டின் பொடி தீங்கு செய்வதாக ஆய்வுகள் காட்டவில்லை. அது ரத்தத்தில் கிரியாட்டினின் எண்ணை ஏற்றிக் காட்டும் என்பதால், பரிசோதனைக்கு முன் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். புரதப் பொடியும் அதுபோலவே. ஏற்கெனவே சிறுநீரகம் குறைந்தவருக்குத்தான் அது கூடுதல் சுமை. சேர்மானம் தெரியாமல் ஜிம்மிலேயே டப்பா மாற்றிக் கொடுக்கும் பொடிகளுக்கு இந்த உறுதி பொருந்தாது.

சாப்பாட்டில் சேரும் மஞ்சளுக்குப் பயம் வேண்டாம். மஞ்சள் சாரத்தைக் கேப்ஸ்யூலாக மாதக்கணக்கில் விழுங்கியவர்களுக்கு ஆக்சலேட் படிந்து சிறுநீரகம் கெட்ட நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. கேரளத்தில் கொழுப்புக் குறையும் என்று நம்பிப் பிலிம்பிக்காயைச் சாறு பிழிந்து குடித்த 10 பேருக்குத் திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு வந்ததை 2013-இல் மருத்துவர்கள் எழுதினார்கள். மீன் குழம்பில் இரண்டு காய் போடுவதற்கும், டம்ளர் டம்ளராகச் சாறு குடிப்பதற்கும் இருக்கும் தூரம்தான் உணவுக்கும் நஞ்சுக்கும் உள்ள தூரம். பிலிம்பிக்காயின் இனமான நட்சத்திரப் பழம், டயாலிசிஸ் நோயாளிக்கு விக்கலில் தொடங்கி வலிப்பு வரை கொண்டுபோகக்கூடியது. சோடியம் குறைந்தது என்று விற்கும் மாற்று உப்பில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரக நோயாளிக்கு அது இதயத் துடிப்பையே குலைத்துவிடலாம்.

குழந்தையின் கையில் ஒரு சிரப்

இதுவரை சொன்னவை நாம் தவிர்க்கக்கூடியவை. டாக்டர் எழுதிக் கொடுத்து, கடையில் பில் போட்டு வாங்கிய மருந்திலேயே நஞ்சு இருந்தால்? 1937-இல் அமெரிக்காவில் சல்ஃபனிலமைடு என்ற நல்ல மருந்தை, இனிப்பான டைஎத்திலீன் கிளைக்காலில் கரைத்து விற்றார்கள். 100-க்கும் மேற்பட்டோர் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள், அவர்களில் பலர் குழந்தைகள். விற்பனைக்கு முன்பே மருந்தின் பாதுகாப்பை நிரூபிக்க வேண்டும் என்ற 1938-ஆம் ஆண்டுச் சட்டம் அதிலிருந்து பிறந்தது.

காரணமும் தீர்வும் தெரிந்து 85 ஆண்டுகளுக்குப் பின்பு, 2022-இல் காம்பியாவில் ஏறத்தாழ 70 குழந்தைகள் இறந்தார்கள். இந்தியாவில் தயாரான சிரப்புகளைக் குறித்து உலகச் சுகாதார நிறுவனம் எச்சரிக்கை விடுத்தது. அதே ஆண்டு இந்தோனேசியாவில், உள்நாட்டுத் தயாரிப்புகளால் 200-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இருமல் மருந்து குடித்து இறந்தபோது, அந்த மருந்து நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது என்று தெரியவந்தது. தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் சோதனையில் அதில் டைஎத்திலீன் கிளைக்கால் 48.6 விழுக்காடு இருந்தது. அனுமதிக்கப்படும் அளவு 0.1 விழுக்காடு. சளிக்குக் கொடுத்த மருந்து, சிறுநீர் நின்றுபோன குழந்தையாகத் திரும்பி வந்த அந்த வீடுகளுக்கு நாம் என்ன பதில் சொல்லப்போகிறோம்? மூலப்பொருளின் ஒவ்வொரு பீப்பாயையும் சோதிப்பது தயாரிப்பாளரின் கடமை. சோதித்தாரா என்று பார்ப்பது அரசின் கடமை. பெற்றோரால் செய்யக்கூடியது ஒன்றுண்டு. சின்னக் குழந்தைகளின் இருமல் பெரும்பாலும் தானே தீரும். சிரப்புக்கு அவசரப்பட வேண்டாம். மருந்து குடிக்கும் குழந்தைக்குச் சிறுநீர் குறைந்தால் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், பாட்டிலையும் கையோடு கொண்டுபோக வேண்டும்.

உப்பு எவ்வளவு என்று மட்டும் கேட்டால் போதுமா?

நம் ஊரில் கிரியாட்டினினுக்கு "உப்பு" என்று பெயர். "உப்பு 1.2 தான், நார்மல்" என்று ரிப்போர்ட்டை மடித்து வைத்துவிடுகிறோம். அந்த 1.2, 25 வயது இளைஞருக்கு நிமிடத்துக்கு 86 மி.லி. வடிகட்டும் திறனைக் குறிக்கும். ஏறக்குறைய நல்ல நிலை. அதே 1.2, 70 வயதுப் பாட்டிக்கு 49 மி.லி. மட்டுமே. அவருக்குச் சிறுநீரகத்தின் திறன் பாதியளவுக்கு வந்துவிட்டது. ஒரே எண், இரண்டு கதைகள். அதனால் உப்பின் அளவோடு, வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிடும் வடிகட்டும் திறனையும் கேட்டு வாங்க வேண்டும். சிறுநீரில் புரதம் போகிறதா என்ற சோதனையும் வேண்டும். தமிழ்நாட்டு அரசு 2023-இல் தொடங்கிய சிறுநீரகம் காக்கும் திட்டத்தில், ஆரம்பச் சுகாதார நிலையத்திலேயே இந்தச் சிறுநீர்ச் சோதனையைச் செய்துகொள்ள வழியிருக்கிறது.

உடம்பு வலியோடுதான் உழைத்தாக வேண்டும் என்ற நிலையில் இருப்பவரிடம், வலி மாத்திரை வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது நியாயமாகாது. நண்பகல் வெயிலில் நிழலும் தண்ணீரும் இடைவேளையும் தருவது வேலை கொடுப்பவரின் பொறுப்பு. ஒத்தடம், பூசும் மருந்து, அளவான பாரசிட்டமால், மூட்டுக்கான உடற்பயிற்சி என்று வழிகள் இருக்கின்றன. வலி விடாமல் வருகிறதென்றால் அதற்குக் காரணம் பார்க்க வேண்டும். அது கத்தரிக்கோலால் வெட்டித் தீரும் வலி அல்ல.

வீட்டில் செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான். ஒரு மஞ்சப்பையை எடுத்துக்கொள்ளுங்கள். பிரஷர் மாத்திரை, கேஸ் மாத்திரை, பாதி தீர்ந்த சிரப், லேகியம், கஷாயப் பொடி, சத்து டப்பா, முகத்துக்குப் பூசும் கிரீம் என்று உடம்புக்குள்ளும் உடம்பின் மேலும் போகும் அத்தனையையும் அதில் போட்டு, அடுத்த முறை டாக்டரின் மேஜையில் கொட்டுங்கள். "இதில் எது எனக்குத் தேவை, எத்தனை நாள்?" என்று கேளுங்கள். எந்த மருந்தாலாவது பாதிப்பு வந்ததாகத் தோன்றினால், மருந்துப் பக்கவிளைவுகளைப் பதியும் மத்திய அரசின் கட்டணமில்லா எண் 1800-180-3024-க்குச் சொல்லுங்கள்.

மருந்துக்கடை வைத்திருக்கும் அண்ணன் தம்பிகளுக்கும் ஒரு வேண்டுகோள். அந்த அம்மா உங்களை நம்பித்தான் படியேறி வருகிறார். சிவப்புக் கோடு போட்ட அட்டையை மருந்துச் சீட்டு இல்லாமல் வெட்டாதீர்கள். பிரஷர், சர்க்கரை இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கொடுக்கத்தான் வேண்டும் என்றால், கவரின் மேல் பேனாவால் எழுதிக் கொடுங்கள். மாத்திரையோடு அதன் பெயரும் வீட்டுக்குப் போகட்டும்.